பெயர் போடாத பூங்கொத்து

ஏப்ரல் 20, வியாழன்

ரத்த அழுத்தம் 14/8. நம் ஊர்க் கணக்கில் 140/80.

டாக்டர் ஒரு நோட்டு வாங்கி தினமும் அழுத்தத்தைக் குறித்து வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எதற்குக் கோபப்பட்டேன் என்பதையும் சேர்த்து எழுதணுமாம். முப்பது வருஷம் பாரிஸ் புறநகரில் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவனிடம் எதற்குக் கோபப்பட்டாய் என்று கேட்டால் ஒரு நோட்டு எந்த மூலைக்கு? டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் தைரியமாக எழுதலாம்.

பெயர் தணிகாசலம். பிறந்தது பாண்டிச்சேரி வில்லியனூர், இருப்பது கிரெத்தேய். இந்த ஊர்க்காரர்கள் வாயில் என் பெயர் நுழையாது. டிப்போவில் "தானி" என்று சுருக்கப் பார்த்தார்கள். விடவே மாட்டேன். முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லித் திருத்திவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

சாப்பாடு: இட்லி, வெங்காயச் சட்னி. மதியம் கத்தரிக்காய்க் குழம்பு.

கோபம்: ஒன்றுமில்லை. ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு போஸ்டர் பார்த்தேன். மோந்த்ரேயில் ஏதோ நாடகமாம், 'க்ளெமான்ஸின் பூச்சாடி' என்று. நடிகர்கள் வரிசையில் கடைசிப் பெயர் லோசனி வேதா. வேதா என்பது என் மனைவி வேதவல்லி. லோசனி எங்கள் ஒரே பெண்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நிரந்தர வேலை. அதை உதறிவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "எந்தப் போஸ்டர்லயும் எம் பேரப் போடாத." பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் பேச்சு கிடையாது. சொன்னபடி என் பெயரைப் போடவும் இல்லை. நல்லதாகப் போயிற்று. இந்தப் பிடிவாதமெல்லாம் அம்மா வழி.

ரொட்டி ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது என்று வேதா கேட்டாள். வெளியே குளிர் என்றேன்.

ஏப்ரல் 24, திங்கள்

14/8. மதியம் ரசம், அப்பளம்.

வேதா போன் பேசுவதற்குச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. தண்ணீர் பில் யார் கட்டுவது? கேட்கத்தான் செய்கிறது. மே 12 முதல் காட்சியாம். ஜூன் முதல் வாரம் வரைக்கும் நடக்குமாம். இயக்குநருக்கு அவள் வேலை பிடித்துவிட்டால் இலையுதிர் காலத்தில் தொடங்கி லியோன், நாந்த், போர்தோ என்று ஊர் ஊராகப் போகிற சுற்றுப் பயணத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். ஒரு வருஷ ஒப்பந்தம். முதல் ஒப்பந்தம்.

"கெடச்சுடும்டி. நீ நல்லாப் பண்ணு, கெடச்சுடும்" என்றாள் வேதா.

எனக்கென்ன வந்தது.

மே 1, திங்கள்

முகே வாங்கினேன். வெள்ளை மணி மணியாகத் தொங்குகிற சின்னப் பூ. மே முதல் தேதி இதைக் கொடுத்தால் கொடுத்தவர் வாங்கியவர் இருவருக்கும் அந்த வருஷம் அதிர்ஷ்டம் என்பது இங்கே வழக்கம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் யார் வேண்டுமானாலும் தெருவோரம் நின்று இதை விற்கலாம். ஸ்டேஷன் வாசலில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு நின்றவரிடம் வாங்கினேன்.

"ரெண்டு கொத்து எதுக்குங்க?" என்றாள் வேதா.

"மலிவாக் குடுத்தான்."

ஒன்றைத் தம்ளர் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை ஈரப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றாள். இன்றைக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது? நான் கேட்கவில்லை.

மே 7, ஞாயிறு

15/8. காரணம் தெரியவில்லை.

சிநேகிதன் செல்வநாதனோடு சீட்டாடப் போகிறேன் என்று வேதாவிடம் சொல்லிவிட்டு மியூசியத்துக்குப் போனேன். மாதத்தின் முதல் ஞாயிறு, டிக்கெட் கிடையாது. மழை வேறு. எங்கேயாவது ஒதுங்கணும் இல்லையா?

நம் ஊர் என்றால் தொல்லையே இல்லை. மேடையில் ஏறி ஒரு மாலையைப் போட்டுவிட்டு இறங்கிவிடலாம். இங்கே பூங்கொத்து. அதற்கு ஆயிரத்தெட்டுச் சட்டம். இரட்டைப்படையில் கொடுக்கக் கூடாது. மஞ்சள் ரோஜா துரோகத்துக்கு. சாமந்தி செத்தவர்களுக்கு, கல்லறையில் வைக்க. சாமந்தி சமாசாரம் எனக்கு வந்த வருஷமே தெரியும். செல்வநாதன் மேலதிகாரி வீட்டு விருந்துக்கு ஒரு சாமந்திச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் நின்றான். வீட்டுக்கார அம்மா முகத்தில் ஈயாடவில்லையாம். இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அப்படி மாட்டிக்கொள்கிற ஆள் நான் இல்லை. எது உசத்தியான பூ என்று இவர்கள் வரைந்து வைத்த படங்களிலேயே பார்த்துவிடுவது என்று போனேன்.

ஒரு கூடம் முழுக்கப் பூப்படம். ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். ரோஜா இருக்கிறது, அது எல்லாரும் கொடுப்பதுதான். ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரு ஓரத்தில் கார்னேஷன் நிற்கிறது. சிவப்பு, வெள்ளை, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது. ஓரம் கத்தரித்த மாதிரி இதழ். ஒரு சின்னப் படத்தில் கண்ணாடிச் சாடியில் கார்னேஷனும் ஏதோ நீலக் கொடிப்பூவும். அதை வரைந்தவர் பெரிய ஆள். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்த பூக்களை வரைந்தாராம். பக்கத்தில் எழுதியிருந்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கே கார்னேஷன் கொண்டு போயிருக்கிறார்கள். வேறென்ன அத்தாட்சி வேணும்?

வீட்டுக்கு வந்ததும் "சீட்டுல ஜெயிச்சீங்களா?" என்று வேதா கேட்டாள். ஜெயித்தேன் என்றேன்.

மே 11, வியாழன்

15/9. மாங்காய் ஊறுகாய்.

மதாம் ஒதீலின் பூக்கடைக்குப் போனேன். நல்ல அம்மாதான், ஆனால் 'முசியே, முசியே' என்று ஐயா போட்டுக் கேள்வி கேட்டே உயிரை எடுப்பாள்.

"யாருக்கு முசியே?"

"சொந்தக்காரங்களுக்கு."

"என்ன விசேஷம்? கல்யாணமா, பிறந்த நாளா? சொன்னா அதுக்கேத்த மாதிரி கட்டித் தருவேன்."

"மதாம், பூவக் கட்டிக் குடுங்க. குடும்ப வரலாறு எதுக்கு?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் கட்டினாள். சிவப்பும் கோடு போட்டதுமாகப் பதினோரு கார்னேஷன், நடுவில் பச்சை. "நல்ல பூ எடுத்தீங்க. சீக்கிரம் வாடாது, மூணு வாரம் தாங்கும்" என்றாள். வாழ்த்து அட்டை வைக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். என் பெயர் எதற்கு அங்கே? பூவைப் பார்த்தால் போதாதா?

நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பூங்கொத்து கீழே சைக்கிள் நிறுத்துகிற அறையில் வாளித் தண்ணீரில் இருக்கும். இரண்டு தடவை இறங்கிப் போய்ப் பார்த்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்க என்று வேதாவிடம் சொன்னேன்.

மே 13, சனி

16/9. ஊறுகாயேதான்.

நேற்றைக்குப் போனேன். மறுபடியும் சீட்டாட்டம் என்று சொல்லிவிட்டுத்தான். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் பூங்கொத்தை நீட்டி, "லோசனி வேதாவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்து இருக்கை.

கதை இருநூறு வருஷத்துக்கு முந்தியது. அந்தக் காலத்தில் மனித உடம்பைப் பார்த்து வரையச் சொல்லித் தருகிற வகுப்பில் பெண்களைச் சேர்க்க மாட்டார்களாம். அதனால் க்ளெமான்ஸ் என்கிற அந்த ஓவியப் பெண்மணி பூவாகவே வரைகிறாள். ஒரே ஒரு பூங்கொத்தை ஒரு வருஷமாக. வசந்தத்தில் பூக்கிற டுலிப்பும் ஜூன் ரோஜாவும் இலையுதிர் காலத்து டாலியாவும் ஒரே சாடியில் நிற்கணும். நிஜத்தில் நிற்குமா? அதனால் எந்தப் பூ எப்போது பூக்கிறதோ அப்போது அதைத் தேடிக் கொண்டுவந்து சாடியில் வைக்கிறது வேலைக்காரியின் வேலை. அந்த வேலைக்காரிதான் லோசனி. வெள்ளைக் குல்லாய், கட்டம் போட்ட ஏப்ரன். இளைத்திருக்கிறாள்.

மேடைச் சாடியில் இருந்ததெல்லாம் துணிப்பூ. ஒன்று கவனித்தேன், அதில் கார்னேஷன் இல்லவே இல்லை. மியூசியத்தில் எல்லாப் படத்திலும் இருக்கிறது, இவர்கள் விட்டுவிட்டார்கள். இவ்வளவு அலட்சியமாகவா நாடகம் போடுவது?

லோசனி வந்ததிலிருந்தே முகம் வெளிறித்தான் இருந்தது. குரல் பின் வரிசைக்கு எட்டவில்லை. மூன்றாவது காட்சியில் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பாதி வழியில் நழுவவிட்டாள். சாடி உருண்டு, பூவெல்லாம் மேடை முழுக்கச் சிதறிப் போயிற்று. அவள் அசையாமல் நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. க்ளெமான்ஸாக நடித்த பெரிய நடிகைதான் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டே குனிந்து பொறுக்கினாள். யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு எழுந்துபோய் அவர்கள் சட்டையைப் பிடிக்கலாமா என்று இருந்தது.

இதுக்குத்தானா அந்த வேலையை விட்டாய் என்று நினைத்தேன். எழுதுவதற்குக் கூட நன்றாக இல்லை, ஆனால் நினைத்தேன்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று கைதட்டல் தொடங்கியதுமே வெளியே வந்துவிட்டேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

மே 14, ஞாயிறு

17/9.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். வேதா கண் வீங்கியிருந்தது. இரண்டு வருஷமாக என் முன்னால் லோசனி பெயரை எடுக்காதவள், இன்றைக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டே பொரிந்து தள்ளிவிட்டாள்.

"எந்த எழவெடுத்தவனோ எம் பொண்ணுக்குக் கார்னேஷன் அனுப்பியிருக்கான். மொதக் காட்சி அன்னிக்கி. பேரு ஊரு ஒண்ணும் இல்லாம."

"கார்னேஷன்னா என்ன?" என்றேன்.

"நாடகத்துல அது ஆகாதாம். அந்தக் காலத்துல கம்பெனி மொதலாளி, வேலைக்கு வெச்சிக்கப் போற நடிகைக்கு ரோஜா அனுப்புவாராம். வேலைய விட்டுத் தூக்கப் போறவளுக்குக் கார்னேஷன் அனுப்புவாராம். இன்னிக்கும் எந்த நடிகையும் அதத் தொட மாட்டாங்களாம். இந்த இயக்குநரு வேற பழைய வழக்கத்தையெல்லாம் பிடிச்சிட்டுத் தொங்கற ஆளு. மேடையில கயிறுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம், அவ்வளவு பாக்கறவரு. அவருதான் சூசகமா அனுப்பிட்டாருன்னு நெனச்சி இவளுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சாடியக் கீழ போட்டுட்டாளாம்."

நான் ரசத்தைப் பிசைந்தேன்.

"அவரேதான் அனுப்பினாரா?"

"கேக்கறதுக்கு பயப்படறா. கேட்டா ஆமான்னு சொல்லிட்டா? இல்ல, கூட நடிக்கறவளுங்க யாராவது வயித்தெரிச்சல்ல அனுப்பினாங்களோ என்னவோ. குப்பையில போடுன்னு எல்லாரும் சொன்னாங்களாம். பூவ எப்படிம்மா குப்பையில போடறதுன்னு ஜன்னலுக்கு வெளிய ஒரு பாட்டில்ல சொருகி வெச்சிருக்கா. எவன் அனுப்பினானோ அவன் கை வெளங்காமப் போக! அந்தக் கைக்கு ஒரு வாய்ச் சோறு எடுத்துப் போட்டுக்கத் தெம்பில்லாமப் போக!"

அந்த நேரம் பார்த்து என் கையில் சோற்று உருண்டை இருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன். இறங்கவில்லை. தண்ணீர் குடித்தேன்.

ரசம் நன்றாக இருந்தது.

மே 16, செவ்வாய்

பூக்கடை. மதாம் ஒதீலோடு சண்டை.

"கார்னேஷன் நாடகத்துக்கு ஆகாதுன்னு ஏன் சொல்லல?"

"நாடகமா?" அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். "ஐயோ முசியே, நாடகக்காரங்களுக்கா அனுப்பினீங்க? யாருக்கு, என்ன விசேஷம்னு நான் எத்தனை வாட்டிக் கேட்டேன்? குடும்ப வரலாறு எதுக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"உங்க ஓவியர்களெல்லாம் அதத்தான வரைஞ்சு வெச்சிருக்காங்க? மியூசியம் பூரா அதான் இருக்கு!"

"படத்துல வரையலாம், சட்டையில சொருகலாம், கல்யாணத்துக்குக் கூட வெக்கலாம். நடிகைக்கு மட்டும் குடுக்கக் கூடாது. ரோஜா விலை ஜாஸ்தி, இது மலிவு. போகப் போறவளுக்கு எதுக்குச் செலவுன்னு அந்தக் காலத்துல இத அனுப்பினாங்கன்னு சொல்வாங்க. ஏதோ ஒண்ணு. ஆனா நம்பறாங்க." அப்புறம் குரலை இறக்கி, "அந்த நடிகை யாரு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

கிளம்பி வந்துவிட்டேன். கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன் போலிருக்கிறது. செல்வநாதனின் சாமந்தித் தொட்டியைப் பற்றி இனிமேல் சிரிக்க மாட்டேன்.

மே 19, வெள்ளி

மோந்த்ரேய் வரைக்கும் போனேன். நடிகர்கள் நுழைகிற பின் வாசல் எது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். மழை வரும் போலிருந்தது, குடை கொண்டு போகவில்லை. திரும்பிவிட்டேன்.

மழை வரவில்லை.

மே 22, திங்கள்

17/9.

வேதா நேற்று நாடகத்துக்குப் போய்விட்டு வந்தாள். நேராக என்னிடமே சொல்லிவிட்டுத்தான் போனாள். "வரீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். தலைவலி என்றேன்.

இன்றைக்குக் காலையில் காப்பி போட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "நல்லாத்தான் பண்றா. ஆனா ஒவ்வொரு வாட்டியும் அந்தச் சாடியத் தூக்கறப்ப கை நடுங்குது. மேடைக்குப் பின்னால யாரப் பாத்தாலும், இவதான் அனுப்பியிருப்பாளோ அவன்தான் அனுப்பியிருப்பானோன்னு தோணுதாம். நல்லாப் பேசிட்டிருந்தவங்ககிட்டகூடப் பேசறதில்லையாம்."

"எவனோ தெரியாத்தனமா அனுப்பியிருப்பான்" என்றேன்.

"தெரியாத்தனமா அனுப்பறவன் பேரு போட்டு அனுப்ப மாட்டானா?"

காப்பியில் சர்க்கரை இல்லை என்று சத்தம் போட்டேன். சர்க்கரை போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினாள்.

மே 26, வெள்ளி

சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு வேதா துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தேன். "என்னங்க, சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு வேளை மிளகுக் கஷாயம் குடித்தாயிற்று.

மே 30, செவ்வாய்

17/10. டாக்டருக்கு போன் செய்யணும்.

இன்றைக்கு போன் வந்தபோது வேதா சமையலறைக்குப் போனாள், ஆனால் குழாயைத் திறக்கவில்லை. எனக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. முதலில் "ஐயோ" என்றாள். அப்புறம் "அழாதடி, அழாதடி" என்று சொல்லிக்கொண்டே அவள் அழுதாள்.

சுற்றுப் பயணத்துக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். நடிப்பில் குறையில்லை, மேடையில் ஒரு பயம் தெரிகிறது, பயந்துகொண்டே எழுபது ஊர் போக முடியாது என்று இயக்குநர் சொன்னாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சியோடு அவள் வேலை முடிகிறது.

அவள் பயந்தவளே இல்லை. ஐந்து வயதில் என் பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஏறி நின்றுகொண்டு, ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் "போன்ஜூர்" சொன்னவள். ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் விடமாட்டாள், இருக்கை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அவளுக்கு மேடைப் பயமாம். அந்தப் பயத்தைக் காசு கொடுத்து வாங்கி, பதினோரு பூவாகக் கட்டி அனுப்பியவன் நான்.

எழுதிவிட்டேன். எழுதினால் என்ன, டாக்டருக்குத் தமிழ் தெரியாது.

ஜூன் 4, ஞாயிறு

மெஷின் வைத்துப் பார்க்கவில்லை.

இன்றைக்கு இங்கே அன்னையர் தினம். மெட்ரோவில் ஏறினவன் இறங்கினவன் எல்லார் கையிலும் பூங்கொத்து. நான் மட்டும் வெறுங்கையோடு போனேன். இனிமேல் பூ என்றாலே எனக்கு உதறல்.

பின் வாசலில் ஒரு அம்மா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"லோசனியை. நான் அவ அப்பா."

"உங்க பேரு?"

"தணிகாசலம்."

அந்தப் பெயரை அவள் வாயில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை ஓட்டினாள். "இங்க லோசனி வேதான்னு இருக்கே. அந்தப் பேருல யாரும் இல்லையே முசியே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க முசியே வேதாவா?" என்றாள்.

முப்பது வருஷமாக ஒரு எழுத்தைக்கூட விட்டுக் கொடுக்காதவன். வேறு எந்தக் கதவாக இருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்.

"ஆமா. முசியே வேதாதான்" என்றேன்.

அவள் உள்ளே திரும்பி, "லோசனி! முசியே வேதா வந்திருக்காரு!" என்று குரல் கொடுத்தாள்.

லோசனி ஏப்ரனைக் கட்டிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வருஷம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "முசியே வேதாவா?" என்றாள். சிரிப்பு வருகிற மாதிரி ஒரு கணம் இருந்தது. வரவில்லை.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "அந்தப் பூவ அனுப்பினது நான்தாம்மா" என்றேன்.

"எந்தப் பூவ?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மியூசியத்துல எல்லாப் படத்துலயும் இருந்துச்சி. ஒசத்தியான பூன்னு நெனச்சிட்டேன். அன்னிக்கி நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "மூணு வாரம்ப்பா. மூணு வாரமா ஒருத்தர் மூஞ்சியப் பாத்து நான் சிரிக்கல. டைரக்டரு குட்மார்னிங் சொன்னாக்கூட, ஆச்சு, இன்னிக்கி அனுப்பிடப் போறாருன்னு நெனச்சேன். பூவாலயா டூர் போச்சு? நான் நடுங்கினதாலதான் போச்சு. நான் யாரால நடுங்கினேன்?"

"என்னால."

இப்படி ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"ஏன் பேரு போடல?"

நான் கீழே பார்த்தேன். அவள் செருப்பு மேடைக்கானது, மரத்தில் செய்தது.

"எம் பேரப் போடாதன்னு சொன்னீங்க, நானும் போடல. உங்க பேர நீங்களே போடலன்னா அது யாரு தப்புப்பா? ஒரு அட்டையில அப்பான்னு மூணு எழுத்து எழுதியிருந்தா, கார்னேஷன் என்ன, நீங்க எருக்கம்பூவே அனுப்பியிருந்தாலும் நான் தலையில வெச்சிட்டு மேடையேறியிருப்பேன்!"

கடைசியில் கத்திவிட்டாள். வாசல் அம்மா எழுந்து வேறு பக்கம் போனாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறைக்க ஒன்றும் இல்லை.

"நான் போய் டைரக்டர்கிட்டச் சொல்றேம்மா. எந் தப்புன்னு சொல்றேன்."

"வேணாம். அவரு அந்தப் பொண்ணுகிட்டக் கையெழுத்தே வாங்கிட்டாரு. அதுவும் நல்லாத்தான் பண்ணும்." மூக்கை உறிஞ்சினாள். உள்ளே மணி அடித்தது. திரும்பி நடந்தாள். மூலை திரும்புமுன் நின்றாள்.

"டிக்கெட் வாங்கினீங்களா?"

"மொத வரிசை."

"அங்க உக்காந்தா மேடையிலருந்து தெரியும். அழுது வெக்காதீங்க."

நாடகத்தை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. திரும்பிப் பார்த்தேன், தூணுக்குப் பக்கத்தில் இருந்தவர் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது காட்சியில் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கை நடுங்கவில்லை.

கடைசிக் காட்சியில் வேலைக்காரி அந்த வருஷத்தின் கடைசிப் பூவைக் கொண்டுவந்து சாடியில் வைக்கணும். ஒரு டாலியா, துணியில் செய்தது. லோசனி வைத்தாள். அப்புறம் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தாள். கோடு போட்ட கார்னேஷன். நிஜப் பூ. ஓரமெல்லாம் பழுப்பாகி, பாதி காய்ந்திருந்தது. மூன்று வாரம் ஜன்னலுக்கு வெளியே பாட்டிலில் நின்ற பூ அது. அதை டாலியாவுக்கும் ரோஜாவுக்கும் நடுவில் சொருகினாள்.

க்ளெமான்ஸாக நடித்த பெரிய நடிகையின் தூரிகை அந்தரத்தில் நின்றது. அவள் கண் பூவைப் பார்த்தது, லோசனியைப் பார்த்தது. இந்த அம்மா எழுந்து போய்விட்டால்? லோசனி கையைக் கட்டிக்கொண்டு, நாடகத்து வேலைக்காரி நிற்பது போலவே நிமிர்ந்து நின்றாள். அந்த அம்மா தூரிகையை இறக்கி, தன் கடைசி வசனத்தைச் சொன்னாள்: "இப்போதுதான் முடிந்தது."

முதலில் எழுந்து கைதட்டியது நான். அழுது வைக்க வேண்டாம் என்று சொன்னாள், அது மட்டும் முடியவில்லை.

ஜூன் 5, திங்கள்

15/8.

"சீட்டாடப் போறேன்னு சொல்லிட்டு நேத்து எங்க போனீங்க?" என்று வேதா காலையிலேயே பிடித்துக்கொண்டாள். "செல்வநாதன் இங்க போன் பண்ணி நீங்க எங்கன்னு கேட்டாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். மியூசியம், பூக்கடை, தூணுக்குப் பக்கத்து இருக்கை, முசியே வேதா எல்லாம். என்னைத் திட்டித் தீர்ப்பாள் என்று பார்த்தேன். பாதியிலேயே அவள் முகம் மாறிப்போயிற்று.

"அடப்பாவி மனுஷா! நீங்களா? கை வெளங்காமப் போகணும்னு உங்க எதிர்லயே சொன்னேனே! சோறு எடுத்துப் போட்டுக்கத் தெம்பில்லாமப் போகணும்னு சொன்னேனே! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சமையலறைக்கு ஓடினாள். கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தாள். என் வலது கையைப் பிடித்து நீட்டச் சொல்லி, அந்தக் கையை மட்டும் மூன்று தடவை சுற்றினாள். என்னைச் சுற்றவில்லை. "மத்தபடி உங்களுக்கு வேண்டியதுதான்" என்றாள். மிளகாயை வாணலியில் போட்டதும் புகை அலாரம் அலறியது. மேல் வீட்டு மதாம் இறங்கி வந்து கதவைத் தட்டினாள். வேதா அவளுக்கு என்ன விளக்கம் சொன்னாள் என்று தெரியவில்லை, இருவரும் வாசலில் நின்று இருமிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் போன் அடித்தது. வேதா எடுத்தாள். இந்தத் தடவை கூடத்திலேயே நின்று பேசினாள். அடுத்து என்ன வேலை கிடைக்கும் என்று லோசனிக்கே தெரியாதாம், செப்டம்பர் வரைக்கும் ஒன்றும் இல்லை. நாளைக்கு ஏதோ ஒரு நடிகர் தேர்வுக்குப் போகிறாளாம். விண்ணப்பத்தில் பெயர் எழுத வேண்டியிருக்கிறதாம். வேதா போனை என்னிடம் நீட்டினாள்.

"ப்பா, உங்க பேரு பிரெஞ்சுல எப்படி எழுதறீங்க? எச் எங்க வரும்?"

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னாள். பாதியில் நானே ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அவளே திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாள். பூ ஏதாவது வாங்கி வைக்கட்டுமா என்று வேதாவிடம் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வெண்டைக்காய் வாங்கி வரச் சொன்னாள்.